வாதி இறந்துவிட்டால் வழக்கு என்ன ஆகும்? ஒரு சாலை விபத்து வழக்கின் நிகழ்வு ஆய்வு

நான் லாயர் இல்லை. சிங்கப்பூரில் ஒரு சிறிய சட்ட அலுவலகத்தில் விபத்து இழப்பீட்டுக் கோப்புகளைக் கவனிக்கும் எழுத்தர். கீழே வருவது எங்கள் கையில் இருந்த ஒரு வழக்கு. குடும்பத்தாரின் அனுமதியோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்த நீதிமன்ற விதிகள் வாதியை வேறு பெயரில் அழைத்தாலும், எல்லாருக்கும் பழகிய சொல் என்பதால் வாதி என்றே எழுதுகிறேன்.

பின்னணி

வாதிக்கு 52 வயது. கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர். தீவின் வட பகுதியில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. மனைவிக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை, மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில், மகன் உயர்நிலைப் பள்ளியில். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் 78 வயது அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சந்தைக்குப் போகச் சாலையைக் கடந்தார். நடப்பவர்களுக்கான சைகை விளக்கில் பச்சை மனிதன் மின்னத் தொடங்கிய நேரம். வலப்பக்கம் திரும்பிய லாரி மோதியது. இடது தொடை எலும்பும் இடுப்பெலும்பும் முறிந்தன. மருத்துவமனையிலும் பிறகு சமூக மருத்துவமனையிலுமாக மூன்று மாதம் கிடந்தார். வேலை நேரத்தில் நடந்த விபத்தாக இருந்திருந்தால் வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டத்தின் வழியா, நீதிமன்றத்தின் வழியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்திருக்கும். இவருக்கு நீதிமன்றம் ஒன்றுதான் வழி.

வழக்கை மாவட்ட நீதிமன்றத்தில் தொடுத்தோம். சாலை விபத்துக் காய வழக்குகளை அங்கே 500,000 வெள்ளி வரை விசாரிக்கலாம். பச்சை மனிதன் மின்னும்போது அவர் காலை எடுத்து வைத்தார் என்பதால் 10 விழுக்காடு பொறுப்பு அவருடையது, மீதி 90 லாரிக்காரருடையது என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. நீதிமன்றமும் அப்படியே இடைக்காலத் தீர்ப்பு எழுதியது. தொகை எவ்வளவு என்பதுதான் பாக்கி.

தொகை தள்ளிப்போனதற்குக் காரணம் தொடை எலும்பு. ஓராண்டு ஆகியும் அது கூடவில்லை. இரண்டாவது அறுவை சிகிச்சை வேண்டும் என்றார் எலும்பு மருத்துவர். அந்த நேரத்தில் எதிர்த்தரப்புக் காப்புறுதி நிறுவனத்தின் லாயர்கள் ஒரு சமரசத் தொகையை எழுதி அனுப்பினார்கள், 14 நாள் கெடுவோடு. அவர் விரைவில் நடந்துவிடுவார் என்ற கணக்கில் போட்ட தொகை அது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மருத்துவ அறிக்கை வரட்டும், அவசரப்பட வேண்டாம் என்று எங்கள் லாயர் சொன்னார். வாதியும் சரி என்றார்.

கடிதம் வந்த ஒன்பதாம் நாள், அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்த நிலையில், குளியலறைக்குப் போய்த் திரும்பியவர் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை.

பிரேதப் பரிசோதனை

விபத்தில் அடிபட்டவர் இப்படித் திடீரென்று இறந்தால் மருத்துவமனை தன் போக்கில் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிடாது. மரண விசாரணை அதிகாரிக்குத் தகவல் போகும். உடல் ஊட்ரம் பகுதியில் உள்ள சவக்கிடங்குக்குப் போனது. மறுநாள் காலை அக்கா, அவருடைய மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், எனக்கு போன் செய்தார். "தம்பி, வெட்டணும்ங்கிறாங்க. பட்டது போதாதா அவருக்கு? வேண்டாம்னு சொல்ல முடியாதா?"

ஆட்சேபணையைச் சொல்லலாம், முடிவு அதிகாரியுடையது என்று சொன்னேன். அதோடு லாயர் சொன்ன ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருந்தன. பரிசோதனை செய்யாமல் மாரடைப்பு என்று எழுதப்பட்டுவிட்டால், விபத்துக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதை மறுக்க நம் கையில் எதுவும் இருக்காது. அக்கா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, செய்யட்டும்" என்றார்.

காலின் இரத்தக் குழாயில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்ததுதான் காரணம் என்று தெரிந்தது. கட்டி உருவானது அறுவை சிகிச்சை செய்த அதே இடது காலில். பின்னால் எங்கள் வழக்கு நின்றது இந்த ஒரு வரியின் மேல்தான். மண்டாயில் தகனம் ஒரு நாள் தள்ளிப்போனது. அந்த ஒரு நாள் அக்காவுக்கு எப்படிப் போயிருக்கும் என்று நான் இன்னும் நினைத்துக்கொள்வதுண்டு.

மேசையில் இருந்த கடிதம்

சமரசக் கடிதத்தின் கெடு முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. துக்கம் கேட்க வந்த உறவினர் ஒருவர் வீட்டில் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்: "அவங்களுக்கு இன்னும் தெரியாதுல்ல? லாயர விட்டு ஒத்துக்கிட்டதா எழுதச் சொல்லுங்க. வர்றது வரட்டும்." கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. இரண்டு பிள்ளைகள், பெரிய சம்பளம் நின்றுபோன வீடு. ஆனால் இதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. கட்சிக்காரர் இறந்ததுமே அவர் லாயருக்குக் கொடுத்திருந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது. ஒத்துக்கொள்கிறேன் என்று எழுத அங்கே கட்சிக்காரர் இல்லை. சாவை மறைத்து வாங்கும் சமரசம் பின்னால் ரத்தாகும், லாயரின் உரிமத்துக்கும் ஆபத்து.

அன்றே எதிர்த்தரப்பு லாயர்களுக்கும் நீதிமன்றத்துக்கும் எழுதினோம். 2022 மே 29 முதல் இங்கே இறப்புச் சான்றிதழ் மின்வடிவம்தான். தனியாகப் போய்ப் பதிய வேண்டியதில்லை. மகள் இணையத்திலிருந்து இறக்கிக் கொடுத்ததை இணைத்து, இரண்டு வாரத்தில் வரவிருந்த அமர்வைத் தள்ளிவைக்கக் கேட்டோம். கிடைத்தது.

கடிதம் வந்த அன்றே ஒத்துக்கொண்டிருந்தால் நல்லதாய்ப் போயிருக்குமா என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. ஒத்துக்கொண்டிருந்தால், அவர் உயிரோடு இருக்கப் போகிறார் என்ற கணக்கில் போட்ட தொகை முழுதாக வந்திருக்கும். ஆனால் வழக்கு அதோடு தீர்ந்திருக்கும். சாகும் நேரத்தில் அவருக்கே வழக்காடும் உரிமை மிச்சமில்லை என்றால், அவரை நம்பி வாழ்ந்த குடும்பத்துக்கும் தனியாகக் கேட்கும் உரிமை பிறப்பதில்லை. இந்த வீட்டின் நிலைமைக்குக் காத்திருந்தது சரி என்றே எனக்குப் படுகிறது. தனியாள், சார்ந்தவர் யாருமில்லை என்றால் பதில் வேறாக இருந்திருக்கும்.

"எங்களுக்கு ஏது எஸ்டேட்?"

ஆள் போனதும் வழக்கும் போய்விட்டது என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். 1909ஆம் ஆண்டு சிவில் லா ஆக்டின் 10ஆம் பிரிவு வேறு விதமாகச் சொல்கிறது. ஒருவருக்கு இருந்த வழக்காடும் உரிமை, அவதூறு வழக்கைத் தவிர, அவரோடு சாவதில்லை. அவருடைய எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்கிறது. இதை விளக்கியபோதுதான் அக்கா கேட்டார், "எங்களுக்கு ஏது தம்பி எஸ்டேட்? அவரோட தாத்தாதான் ஜொகூர்ல ரப்பர் எஸ்டேட்ல வேலை பார்த்தாரு."

அன்றிலிருந்து அந்தச் சொல்லை விளக்காமல் நான் பயன்படுத்துவதில்லை. இறந்தவர் விட்டுப்போன பணம், பொருள், அவருக்கு வர வேண்டிய பாக்கி, அவர் கொடுக்க வேண்டிய கடன் எல்லாம் சேர்ந்ததுதான் அது. வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக இருந்ததால் நேராக அக்காவுக்குப் போய்விட்டது. மத்திய சேம நிதிக்கு அவர் கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவை நியமித்திருந்தார். கல்யாணம் ஆனாலே பழைய நியமனம் ரத்தாகிவிடும் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது; அந்தப் பணம் பொது அறங்காவலர் வழியாகத்தான் பிரிக்கப்பட்டது. வங்கியில் சில ஆயிரம். அதனால், "சொத்தே இல்லாதபோது கோர்ட்டுக்குப் போய் எதுக்கு எல்ஏ எடுக்கணும்?" என்று குடும்பம் ஐந்து வாரம் தயங்கியது. வழக்குதான் அவர் விட்டுப்போன பெரிய சொத்து என்பதை நாங்கள் முதல் வாரத்திலேயே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

எல்ஏ என்று எல்லாரும் சொல்வது, இறந்தவர் விட்டுப்போனதைக் கவனிக்க நீதிமன்றம் கொடுக்கும் நிர்வாக உரிமைக் கடிதத்தை. உயில் எழுதி ஒருவரை நிறைவேற்றுபவராக வைத்திருந்தால், இறந்த கணத்திலேயே அவருக்கு அதிகாரம் வந்துவிடும். உயில் இல்லாவிட்டால் நீதிமன்றம் கடிதம் கொடுக்கும் நாளில்தான் அதிகாரம் பிறக்கிறது. அதற்கு முன்னால், மனைவியே ஆனாலும், நிர்வாகி என்ற பெயரில் போடும் வழக்கு செல்லாது. பிறகு கடிதம் வந்தாலும் செல்லாத வழக்கு உயிர்பெறாது. எங்கள் அலுவலகத்திலேயே புதிதாகச் சேர்ந்த ஒருவர், நேரம் மிச்சமாகட்டும் என்று அக்காவை நிர்வாகி என்று குறிப்பிட்டு ஒரு மனுவைத் தயாரித்துவிட்டார். கையெழுத்துக்குப் போகுமுன் லாயர் கண்ணில் பட்டதால் நிறுத்தினோம்.

மகனுக்கு 15 வயது. பங்குதாரர்களில் 21 வயது நிரம்பாதவர் இருந்தால் ஒரே ஆளுக்கு நிர்வாகக் கடிதம் கொடுக்க மாட்டார்கள், குறைந்தது இருவர் வேண்டும். மகளுக்கு 20, அவளையும் சேர்க்க முடியாது. அக்காவோடு அவருடைய கொழுந்தனார் சேர்ந்தார். அண்ணன் பணத்தில் கை வைக்கிறான் என்று பேச்சு வந்துவிடும் என்று அவர் முதலில் தயங்கினார். யாருக்கு எவ்வளவு என்பதைச் சட்டமே சொல்லிவிடுகிறது, நிர்வாகி பிரித்துக் கொடுப்பவர் மட்டுமே என்று விளக்கியதும் சம்மதித்தார்.

கல்யாணச் சான்றிதழ் தமிழ்நாட்டில் பதிந்தது. அதில் அவர் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. சிங்கப்பூர் அடையாள அட்டையில் அப்பா பெயர் முழுதாக. இருவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம், தமிழ்ப் பகுதிகளுக்குச் சான்று பெற்ற மொழிபெயர்ப்பு எல்லாம் வாங்கிச் சேர்ப்பதற்குள் ஒன்றரை மாதம் போனது. இறந்து ஏழாம் மாதம் கடிதம் வந்தது. அதைக் காட்டி, அவர் இடத்தில் இருவரும் வாதிகளாக வழக்கைத் தொடர நீதிமன்றத்திடம் உத்தரவு பெற்றோம்.

இரண்டு பணம், இரண்டு பாதை

இந்த இடத்தில்தான் பல குடும்பங்களில் மனக்கசப்பு வருகிறது.

முதல் பணம் எஸ்டேட்டுக்கு வருவது. விபத்து நாளிலிருந்து இறந்த நாள்வரை அவர் பட்ட வலிக்கும் வேதனைக்கும், அந்தப் பதினான்கு மாதச் சம்பளத்துக்கும், மருத்துவச் செலவுக்கும், ஈமச் செலவுக்கும் உரியது. இறப்புக்குப் பிந்தைய வருமானத்தை எஸ்டேட் கேட்க முடியாது. எங்கள் மனுவில் பெரிய தொகையாக இருந்த எதிர்கால வருமான இழப்பு, எதிர்கால மருத்துவம், பராமரிப்பு எல்லாவற்றையும் அடித்தோம். அந்தப் பக்கங்களைப் பார்த்த அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. இந்தப் பணம் முதலில் அவருடைய கடனுக்குப் போகும், மீதி 1967ஆம் ஆண்டு உயிலில்லா வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும்: மனைவிக்குப் பாதி, பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்துப் பாதி. பிள்ளைகள் இருக்கும்போது அம்மாவுக்கு அதில் பங்கில்லை. முஸ்லிம் குடும்பமாக இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது, அவர்களுக்குப் பங்கீடு வேறு.

இரண்டாவது, அவரைச் சார்ந்து வாழ்ந்தவர்களின் பணம். அதே சிவில் லா ஆக்டின் 20ஆம் பிரிவு முதல் வருவது. அவர் இருந்திருந்தால் வீட்டுக்கு எவ்வளவு கொடுத்திருப்பார், எத்தனை ஆண்டு கொடுத்திருப்பார் என்பதே கணக்கு. கடன்காரர் இதைத் தொட முடியாது. காப்புறுதியோ சேம நிதியோ கைக்கு வந்திருக்கிறது என்று சொல்லி இதைக் குறைக்கவும் முடியாது. பெற்றோரும் கேட்கலாம். இறந்த மூன்று ஆண்டுக்குள் கேட்டுவிட வேண்டும். ஆறு மாதமாகியும் நிர்வாகி வழக்கிடாவிட்டால் சார்ந்தவர்களே தங்கள் பெயரில் கேட்கலாம். கடிதம் இன்னும் தாமதமானால் அந்த வழியில் போகலாம் என்று அதையும் கையில் வைத்திருந்தோம். ஒரே சாவுக்கு ஒரே வழக்குதான் என்பதால் மனைவி, மக்கள், அம்மா எல்லாரையும் ஒன்றாகவே சேர்த்தாக வேண்டும். இவற்றோடு, பறிகொடுத்த துயரத்துக்கென்று சட்டமே நிர்ணயித்த 15,000 வெள்ளி.

ஊரிலிருந்த அம்மா, மருமகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வாள் என்று பக்கத்து வீட்டார் சொன்னதை நம்பி மூன்று மாதம் அக்காவோடு பேசவில்லை. அவருக்கும் கேட்கும் உரிமை உண்டு, ஆனால் மகன் மாதாமாதம் பணம் அனுப்பியதற்குச் சாட்சி வேண்டும் என்று கொழுந்தனார் போனில் சொன்னார். சாட்சி இங்கேதான் இருந்தது. சமையலறை மேல்தட்டில் ஒரு பழைய மைலோ டின். சிராங்கூன் சாலைக் கடையில் பணம் அனுப்பிய சீட்டுகளை அவர் அதில் போட்டு வைப்பாராம். மாதம் 300 வெள்ளி, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் 500. பாதிச் சீட்டுகளில் மை மங்கிப்போயிருந்தாலும் தேதியைப் படிக்க முடிந்தது. அவற்றை நானும் மகளும் மேசையில் பரப்பித் தேதிவாரியாக அடுக்கினோம். ஒன்பது ஆண்டில் இரண்டே மாதம்தான் விட்டுப்போயிருந்தது, இரண்டும் விபத்துக்குப் பிறகு.

காலண்டர் தாள்கள்

வலிக்கும் வேதனைக்கும் இழப்பீடு கேட்க, பட்டவர் வாயால் சொல்ல வேண்டும். அவருடைய வாக்குமூலப் பத்திரம் வரைவாகத்தான் இருந்தது, கையெழுத்தாகவில்லை. அறுவை சிகிச்சை முடியட்டும் என்று நாங்கள்தான் தள்ளிப்போட்டோம். இதற்கு வேறு யாரையும் குறைசொல்ல முடியாது.

கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்து அக்கா ஒரு பிளாஸ்டிக் பை கொண்டுவந்தார். மளிகைக் கடையில் கொடுக்கும் தினசரித் தமிழ்க் காலண்டரின் கிழித்த தாள்கள், 200க்கு மேல். முன்பக்கம் தேதி, நட்சத்திரம், ராகு காலம். பின்பக்கம் பேனாவில் அவர் கையெழுத்து. "ராத்திரி மூணு தடவை முழிப்பு." "மாத்திரை ரெண்டு. பலனில்லை." "பையன் தூக்கி உட்கார வச்சான்." ஒரு தாளில், "இன்னிக்கு பத்து அடி நடந்தேன்" என்று மட்டும்.

பின்னால் எழுதிச் சேர்த்தது என்று எவரும் எளிதில் சொல்ல முடியாது, ஒவ்வொரு நாளும் அந்தந்தத் தேதியின் முதுகிலேயே இருக்கிறது. இறந்தவர் எழுதிவைத்ததைச் சாட்சியாக ஏற்க சிங்கப்பூர்ச் சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு இடம் தருகிறது. எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுத்தோம். எல்லாத் தாள்களையும் மொழிபெயர்த்துச் சேர்த்தோம்.

பேச்சுவார்த்தையும் முடிவும்

எதிர்த்தரப்பின் வாதம் ஒன்றுதான்: இரத்தக்கட்டி நீரிழிவுக்காரருக்கு எப்படியும் வரக்கூடியது, விபத்தால் வந்ததில்லை. எலும்பு கூடாததற்குக் காரணம் விபத்து, கூடாததால் அறுவை சிகிச்சை, அதனால் படுக்கை, படுக்கையால் அதே காலில் கட்டி என்று எங்கள் மருத்துவர் படிப்படியாக எழுதினார். அரசு நீதிமன்றங்களில் நீதிபதி ஒருவர் முன்னிலையில் நடந்த சமரச அமர்வில் இரு அறிக்கைகளும் வைக்கப்பட்டன. பிரேதப் பரிசோதனை வரியைச் சுட்டிக்காட்டி, விசாரணைக்குப் போனால் வாதி பக்கமே வலுவாக இருக்கும் என்பதுபோல் நீதிபதி கருத்துச் சொன்னார். அதற்குப் பிறகு பேச்சு தொகையைப் பற்றியதாக மாறியது. எத்தனை ஆண்டுக்குக் கணக்கிடுவது என்பதற்கு சிங்கப்பூர்ச் சட்டக் கழகம் 2021இல் வெளியிட்ட அட்டவணைகளை இரு தரப்பும் கையில் வைத்துக்கொண்டு பேசின.

விபத்து நடந்து ஏறத்தாழ மூன்று ஆண்டில் வழக்கு சமரசமானது. தொகையை வெளியில் சொல்வதில்லை என்பது உடன்பாடு. பழைய கடிதத்தில் இருந்ததைவிடக் கூடுதல், அதில் பெரும்பகுதி சார்ந்தவர்களுக்கு உரியது என்பதை மட்டும் சொல்லலாம். எல்லாத் தொகையிலும் அந்த 10 விழுக்காடு கழிந்தது. அவருடைய பங்குப் பொறுப்பு குடும்பத்தின் கோரிக்கையையும் குறைக்கும். மகனுக்கு அப்போது 17 வயது என்பதால் சமரசத்துக்கு நீதிமன்றத்தின் ஒப்புதல் வாங்கினோம். எஸ்டேட்டில் அவனுக்குள்ள பங்கு 21 வயதுவரை நிர்வாகிகளின் பொறுப்பில் இருக்கிறது. பாட்டிக்கு உரியது ஊரிலுள்ள அவருடைய வங்கிக் கணக்குக்கே போனது.

நாங்கள் மாற்றியவை

கடுமையாக அடிபட்டு வருகிறவரிடம் முதல் சந்திப்பிலேயே உயில் இருக்கிறதா என்று கேட்கிறோம். கேட்பது கஷ்டம்தான். அடிபட்டுக் கட்டிலில் இருப்பவரிடம் சாவைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் உயில் இருந்திருந்தால் இந்த வழக்கில் ஏழு மாதம் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது. கூடவே சேம நிதி நியமனம் கல்யாணத்துக்கு முந்தியதா என்றும் கேட்கிறோம்.

பெரிய அறுவை சிகிச்சை வருகிறது என்றால், அதற்கு முன்னாலேயே வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். பிறகு கூடுதலாகச் சொல்ல வேண்டியது இருந்தால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம்.

கட்சிக்காரர் இறந்தால் முதல் வாரமே குடும்பத்தாருக்கு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்புக் கொடுக்கிறோம். வழக்கு சாகவில்லை, நிர்வாகக் கடிதம் வரும்வரை யாரும் எதிலும் நிர்வாகி என்று கையெழுத்துப் போடக் கூடாது, எதிர்த்தரப்பிடம் யாரும் பேசக் கூடாது, மூன்று ஆண்டுக் கெடு எந்தத் தேதியில் முடிகிறது, ஊருக்குப் பணம் அனுப்பிய சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். எஸ்டேட் என்றால் என்ன என்பதும் அதில் இருக்கிறது.

காலண்டர் தாள்களின் அசல் வழக்கு முடியும்வரை எங்கள் இரும்பு அலமாரியில் இருந்தது. கோப்பை மூடிய அன்று மகன் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனான்.